ஸ்டே வாங்கிய வயலும் ஹோம் ஸ்டேயும்

1

சேதுராமன் சார், போன வருஷ மலரில் நீங்கள் எழுதியது பொய்.

"நினைவுப் பிழை" என்று எழுதியிருக்கலாம். "தகவல் முழுமையாக இல்லை" என்றும் எழுதியிருக்கலாம். அப்படியெல்லாம் எழுத எனக்கு வராது. பொய் என்றால் பொய்தான்.

நம் பள்ளியின் பழைய மாணவர் மலரில் 'அயல்நாட்டில் நம்மவர்' என்று ஒரு பகுதி உண்டு. இங்கிலாந்தில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன் என்பதால் இந்த வருஷம் என்னை எழுதச் சொல்லிக் கேட்டார்கள். பனி, ரயில், சுத்தமான தெரு என்று எழுதுவேன் என்று மலர்க் குழு நினைத்திருக்கும். பனி விழுகிறது. ரயில் பல நாள் வருவதில்லை. தெரு சுத்தம்தான், ஆள் நடமாட்டம் இருந்தால்தானே குப்பை விழும். அயல்நாடு முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷ மலரில், பழைய மாணவர் சங்கத் தலைவர் என்ற முறையில் நீங்கள் இப்படி எழுதியிருந்தீர்கள்: "வாய்க்காலை ஒட்டிய மூன்று மா நஞ்சையை, பண்ணையில் உழைத்த கோவிந்தனுக்கு எங்கள் தகப்பனார் மனமுவந்து கொடுத்தார். முதல் நடவுக்கு நாற்றும் கொடுத்தார்."

கோவிந்தன் என் அப்பா. அந்த மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், இன்று வரை எங்கள் கைக்கு வரவில்லை. நாற்றுக் கதையைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லும்போது நீங்கள் உட்கார்ந்து படிப்பது நல்லது.

2

எங்கள் வார்டில் ஜூலி என்று ஒரு நர்ஸ். நல்லவள். போன குளிர்காலத்தில் புருஷனோடு இந்தியா போய்விட்டு வந்து, டீ நேரத்தில் போனை நீட்டினாள். தாராசுரம் கோயில், கும்பகோணம் வெற்றிலைக் கடை, வெண்கலக் குடம். அடுத்த படத்தில் ஜூலி தலையில் வைக்கோல் தொப்பியோடு முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, ஒரு கட்டு நாற்று முடியைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறாள்.

பின்னால் வாய்க்கால். வாய்க்கால் கரையில் கோணலாக ஒரு இலுப்பை மரம். அந்த மரத்தடியில் என் அம்மா கஞ்சித்தூக்கை வைத்துவிட்டு நடவுக்கு இறங்குவாள். அது எங்கள் மூன்று மா.

"எங்கே இது?" என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"ஒரு ஹோம் ஸ்டே! பழைய ஜமீன் வீடு மாதிரி. காலையில் இட்லி, மத்தியானம் நடவு அனுபவம். ஓனர் எவ்வளவு நல்ல மனுஷன் தெரியுமா? அந்த வயலை அவங்க அப்பா ஒரு கூலிக்காரருக்குத் தானமா கொடுத்தாராம்."

உங்கள் பண்ணை வீடு ஹோம் ஸ்டே ஆகிவிட்டது என்று அண்ணன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆனால் எங்கள் வயலும் அந்த சாப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது என்பது எனக்குப் புதுசு. என் அம்மா நாற்பது வருஷம் கூலிக்குக் குனிந்து நட்டது 'அனுபவம்' என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் முதுகுவலிக்குத் தைலம் தேய்க்காமல் படம் எடுத்து மாட்டியிருப்பாள்.

ஜூலி நட்ட வரிசை வளைந்திருந்தது. அவளிடம் அதை மட்டும் சொன்னேன்.

3

ஸ்டே. ஆங்கிலத்தில் இவ்வளவு சின்ன வார்த்தை, அதற்கு இத்தனை வேலை.

இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம். வார்டின் பொறுப்பு நர்ஸ் ஷிப்ட் முடியும் நேரத்தில் வந்து, "கோவிந்தன், இன்னும் ரெண்டு மணி நேரம் ஸ்டே பண்ண முடியுமா?" என்று கேட்டார். நான் பதறிப்போய், "யார் வாங்கினது?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஊரில் ஸ்டே என்பது யாரும் பண்ணுவதில்லை, வாங்குவது. மெட்ராஸ் ஐக்கோர்ட்டில் தடையுத்தரவு வாங்குவார்கள், கீழத்தஞ்சையில் எங்களுக்கு வயிறு காயும்.

அவர் என்னைக் கோவிந்தன் என்று கூப்பிட்டதற்கும் விளக்கம் வேண்டும். என் பெயர் தமிழ்ச்செல்வி. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டுவிட்டார்கள். அதனால் இருபத்திரண்டு வருஷமாக இந்த ஆஸ்பத்திரியின் தாழ்வாரம் முழுக்க என் அப்பா பெயரைத்தான் கூவுகிறார்கள். பெயர்ப்பட்டையில் கோவிந்தன், ஷிப்ட் அட்டவணையில் கோவிந்தன். நம்மூர் அடங்கலில், எந்த வயலில் யார் சாகுபடி என்று எழுதும் கணக்கில், ஒரு பசலி வருஷத்தில்கூட ஏறாத பெயர்.

பிறகு மற்ற ஸ்டேக்களையும் கற்றுக்கொண்டேன். எதிர் வீட்டுக் கிழவர் நாயைப் பார்த்து "ஸ்டே" என்பார், அது அப்படியே உட்காரும். பிஸ்கட் போடும்வரை உட்காரும். ஆஸ்பத்திரியில் நோயாளி எத்தனை நாள் படுக்கையில் இருக்கிறார் என்பது அவருடைய ஸ்டே. கொஞ்சம் நீண்டால் தினமும் காலையில் கூட்டம் போட்டு, ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று பொறுப்பு டாக்டரைக் கேட்பார்கள். அவர் காரணம் எழுத வேண்டும். விமான நிலையத்தில் அதிகாரி, "எத்தனை நாள் ஸ்டே?" என்று கேட்பார். நாள் சொல்ல வேண்டும். சொன்ன நாளுக்கு மேல் இருந்தால் கடிதம் வரும், அதற்கு மேல் இருந்தால் ஆளே வருவார்.

கவனியுங்கள். நாய்க்கு பிஸ்கட் வரும்வரை. நோயாளிக்கு டாக்டர் காரணம் எழுதும்வரை. எனக்கு விசா தேதிவரை. கோவிந்தன் வயலுக்கு மட்டும் கடைசித் தேதி கிடையாது.

4

பட்டா வழங்கும் விழாவில் நானும் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பு. உச்சவரம்புக்கு மேல் இருக்கும் நிலத்தை எடுத்து இல்லாதவனுக்குக் கொடுக்கும் அரசு, உழைப்பவனின் அரசு, தமிழனின் அரசு என்று மேடையில் வரிசையாகச் சொன்னார்கள். அமைச்சர் வந்தார். அப்பா தன்னிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தார். எனக்கு தமிழ்ச்செல்வி என்றும் அண்ணனுக்கு அறிவழகன் என்றும் பெயர் வைத்தவர் அவர். மேடைப் பேச்சைக் கேட்டு வைத்த பெயர்கள். அன்றைக்கு அந்த மேடை அவருக்குக் கடனைத் திருப்பித் தருவது மாதிரி இருந்தது.

மேடையில் இன்னொருவரும் மாலையோடு இருந்தார். உங்கள் தகப்பனார். நிலத்தை இழப்பவர் மேடையில் என்ன செய்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்த மாதம் அவர் ஆளும் கட்சிக் கரை வேட்டியில் இருந்தார். ஆட்சி மாறிய பிறகு கரை மாறியது. திரும்ப மாறியபோது திரும்ப மாறியது. எந்த ஆட்சியிலும் மாறாதது ஒன்று உண்டு, அதற்குத்தான் வருகிறேன்.

காகிதத்தை வாங்கி வந்த அப்பா வயல் அளக்கும்வரை காத்திருக்கவில்லை. சம்பாவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. கூத்தாநல்லூர் பாய் ஒருவர் தன் வயலில் ஒரு மூலையைச் சும்மா விட்டுக்கொடுத்தார். அங்கே அப்பா நாற்றுக்கு ஐ.ஆர். இருபது நெல் விதைத்தார். இருபதாம் நாள் தலையாரி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார்.

"கோவிந்தா, ஸ்டே வந்திருக்கு. அந்த வயல்ல காலு வைக்காதே."

"பட்டா என் கையில இருக்குங்களே?"

"பட்டா இருக்கட்டும். ஐக்கோர்ட்டு ஸ்டே."

"எத்தனை நாளைக்குங்க?"

தலையாரி யோசித்தார். அவரிடம் யாரும் அதைச் சொல்லி அனுப்பவில்லை. "அது வந்திருக்கு. போறப்ப போவும்," என்றார்.

நிலம் தன் பெயரிலேயே இல்லை, அன்னதான டிரஸ்டுக்கு எப்போதோ எழுதிவைத்தாகிவிட்டது, அதனால் எடுக்க முடியாது என்று உங்கள் தகப்பனார் வழக்குப் போட்டிருந்தார். அந்த டிரஸ்ட் யாருக்கும் ஒரு கைப்பிடி சோறு போட்டு நாங்கள் பார்த்ததில்லை. ஒருவேளை எங்களுக்குப் பசிக்காத நாளாகப் பார்த்துப் போட்டிருக்கலாம்.

5

இப்போது நாற்று.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்ல வேண்டும். நட்டு மிஞ்சிய நாற்றை யாரும் விற்க மாட்டார்கள். முடி கட்டிக் கரையில் போட்டுவிடுவார்கள். குறைபட்டவன் வந்து, "எடுத்துக்கவா?" என்று ஒரு வார்த்தை கேட்பான். இல்லை என்று சொல்லக் கூடாது. எந்த வயலுக்கு என்றும் கேட்கக் கூடாது. சண்டைக்காரன் வந்து கேட்டாலும் அதுதான். நாளைக்கு நம் நாற்று அழுகும், அப்போது நாம் போய்க் கேட்க வேண்டும்.

வக்கீலைப் பார்த்து, தாசில்தாரைப் பார்த்து, பத்து நாள் ஓடிவிட்டது. நாற்றுக்கு முப்பது நாள். அம்மா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள்.

"முத்துது. இன்னும் ஒரு வாரம் போனா கணு விட்டுடும். அப்புறம் மாட்டுக்குத்தான்."

"வக்கீலு ஆவட்டும்ங்கறாரு."

"வக்கீலு சொன்னா நாத்து நிக்குமா?"

அப்பா நாற்றைப் பறித்துக் கட்டிக் கரையில் போட்டார். நட வயல் இல்லாதவன் நாற்று முழுக்கவே மிச்ச நாற்றுதான். மறுநாள் பண்ணைக் காரியக்காரர் வந்தார். நான் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தேன், எல்லாம் காதால் கேட்டது.

"டேய் கோவிந்தா, கரையில கெடக்கிறது ஒன் நாத்தா?"

"ஆமாங்க."

"மழையில பண்ணை நாத்தங்கால் அழுகிப்போச்சு. எடுத்துக்கவா?"

அம்மா உள்ளே இருந்து பாத்திரத்தை ஓங்கி வைத்த சத்தம் வந்தது. அப்பா, "எந்த வயலுக்குங்க?" என்று கேட்டுவிட்டார்.

"நாத்து கேக்கறவன எந்த வயலுன்னு கேக்கறது எந்த ஊரு வழக்கம்டா? பட்டா வாங்குனதும் மொறை மறந்துபோச்சா?"

அந்த வார்த்தையில் அப்பா தலை குனிந்தார். "எடுத்துக்கங்க," என்றார்.

அதற்கு அடுத்த நாள் பண்ணையிலிருந்து நடவுக்கு ஆள் கூப்பிட்டார்கள். அம்மா பத்துப் பெண்களோடு போனாள். கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய இடம் இலுப்பை மரத்தடி. தண்ணீர் கட்டிப் பரம்படித்த மூன்று மா, அதில் வரிசையாக வீசிக் கிடந்தது அப்பா கட்டிய முடி. அப்பா வைக்கோல் பிரியால் கட்டமாட்டார், வாழைநாரால் கட்டுவார். அம்மாவுக்குத் தெரியாதா?

சாயங்காலம் சேற்றுக் காலோடு வந்தவள் அப்பாவைப் பார்த்து, "ஒன் நாத்த ஒன் வயல்லயே நட்டுட்டு வந்துட்டேன். கூலிய மட்டும் பண்ணையில போய் வாங்கிக்க," என்றாள். பிறகு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயசு. அப்பாவின் முகத்துக்கு நேரே கத்தினார்.

"ஏம்ப்பா குடுத்தே? அவன் ஒன் வயல புடுங்கிட்டு நிக்கிறான், நீ நாத்தக் கட்டிக் குடுக்கிற!"

"நாத்துக்குக் கேஸு தெரியுமாடா? வயசாயிடுச்சு, நடணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை. அந்தப் பசலி அடங்கலில் அந்த வயலுக்கு நேரே எழுதினார்கள்: பயிர் சம்பா, சாகுபடி பண்ணை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்க் கோர்ட்டில் வைத்தார்கள். நிலம் தொடர்ந்து எங்கள் சாகுபடியில்தான் இருக்கிறது, பாருங்கள் பயிர், பாருங்கள் போட்டோ என்றார்கள். போட்டோவில் குனிந்து நட்டுக்கொண்டிருப்பது என் அம்மா. ஸ்டே நீண்டது. எங்களைத் தோற்கடித்த சாட்சி எங்கள் வீட்டு நாற்று.

சேதுராமன் சார், நீங்களும் நானும் ஒரே வகுப்பு. அந்த நடவு நாளன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நீங்கள் வரப்பில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். காரியக்காரர் சிரித்துக்கொண்டே உங்களிடம், "தம்பி, கோவிந்தன் நாத்து நல்லா வாட்டசாட்டமா இருக்கு," என்றார். நீங்களும் சிரித்தீர்கள். நான் உங்களுக்குப் பின்னால் பத்தடியில் நின்றேன். உங்கள் தகப்பனார் நாற்றுக் கொடுத்தார் என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

6

என் மகள் நிலாவுக்குப் பதினேழு வயசு. தமிழ் புரியும், பேச்சு பாதி ஆங்கிலம். சனிக்கிழமையானால், "அம்மா, ஃபிரண்ட் வீட்ல ஸ்டே பண்ணட்டா?" என்பாள். ஜூலி படம் காட்டிய வாரம் அவளை உட்கார வைத்து முழுக் கதையும் சொன்னேன். பாதியில் போனைப் பார்க்கவில்லை, அதுவே பெரிது.

"தாத்தா ஏன் நோ சொல்லல?"

"சொல்லக் கூடாது. வழக்கம்."

"அவங்க மட்டும் வழக்கத்தை வச்சு எடுத்துக்கிட்டாங்க. அவங்களுக்குக் குடுக்கற வழக்கம் இல்லையா?"

நாற்பது வருஷமாக எந்த வக்கீலும் இப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அது அரை நிமிஷம்தான். அடுத்து, "ஆனா நமக்கு எதுக்கும்மா அந்த ஃபீல்டு? நாம போகப் போறதே இல்லையே," என்றாள்.

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை, உங்களைப் போல அவள் பொய் சொல்கிறவளும் இல்லை. நான் அங்கே போய் ஏர் பிடிக்கப் போவதில்லை. எனக்கு அந்த நிலம் வேண்டாம். மாமாவுக்கு வேண்டும் என்று சொன்னேன்.

7

அண்ணனுக்கு அறுபதாகப் போகிறது. இன்றைக்கும் அடுத்தவர் வயலைக் குத்தகைக்கு எடுத்துத்தான் சாகுபடி செய்கிறார். அப்பா செத்துப்போன பிறகு, வழக்கில் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும், சேர்க்கவில்லை என்றால் எங்கள் பக்கம் ஆளே இல்லை என்று முடித்துவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னார். அம்மா ரேகை வைத்தாள். அண்ணன் கையெழுத்துப் போட்டார். நான் இங்கிருந்து பவர் எழுதி அனுப்ப வேண்டும்.

அதற்கு ஒரு நாள் லீவு, இந்தியத் தூதரகத்துக்கு மூன்று மணி நேர பஸ். கவுன்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல கோவிந்தன் தமிழ்ச்செல்வி. அதுல தமிழ்ச்செல்வி தகப்பனார் கோவிந்தன். ரெண்டும் ஒரே ஆளா மேடம்?"

"ஆமாங்க. தமிழ்ச்செல்வி நான், கோவிந்தன் எங்க அப்பா. அவர் இறந்துட்டாரு."

"அப்ப பாஸ்போர்ட்டுல ஏன் இருக்காரு?"

அவர் மேல் தப்பில்லை. அப்பா இருக்கவேண்டிய தாளில் இல்லாமல் இருக்கக்கூடாத தாளில் இருக்கிறார். பெயர் ஒன்றுதான் என்று இன்னொரு உறுதிமொழி எழுதிக் கொடுத்து, இரண்டாவது தடவை போய் முத்திரை வாங்கினேன்.

அனுப்பிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"தமிழு, கவரு வந்துடுச்சு. வக்கீலுகிட்ட குடுத்துட்டேன்."

"என்னண்ணே சொல்றாரு?"

"அவரு என்னத்தச் சொல்லுவாரு. எதிர்த்தரப்புல வழக்குப் போட்டவரும் போயிட்டாரு, அவரு வாரிசு ஒரு கையெழுத்துப் போட்டு வழக்க வாபஸ் வாங்கினா அன்னிக்கே முடிஞ்சிடும்கறாரு. இல்லேன்னா நம்ம ஆயுசு பத்தாதுங்கறாரு."

"சேதுராமனக் கேட்டியா?"

"கல்யாண வீட்டுல கேட்டேன். தோள்ல கையப் போட்டு, 'ஆகட்டும் அறிவு, பாக்கலாம்'னாரு. பக்கத்துல இருந்தவங்ககிட்ட, 'இவங்க அப்பாவுக்குத்தான் நாங்க நெலம் குடுத்தோம்'னு என்னையே காட்டுறாரு. நான் பந்தியில ஒக்காரவே இல்ல, வந்துட்டேன்."

பிறகு அவரே சொன்னார்: "விட்டுடலாமான்னு இருக்கு, பாப்பா. பையன் சிங்கப்பூருல. எனக்கப்புறம் எவன் கோர்ட்டுக்கு அலையப் போறான்? அப்பாகிட்ட கத்தினேனேன்னுதான் இன்னும் நடந்துட்டிருக்கேன்."

என் அண்ணன் ஆட்சிகளைப் பார்த்தார், கலெக்டர்களைப் பார்த்தார், ஜமாபந்திக்கு ஜமாபந்தி மனு கொடுத்தார். எதற்கும் விட்டுவிடலாம் என்று சொன்னதில்லை. உங்கள் பொய்யைக் காதால் கேட்ட பிறகுதான் சொன்னார். வயலை எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், அது பழைய சங்கதி. கொடுத்த பெயரையும் எடுத்துக்கொண்டால், இல்லாதவன் கோர்ட்டில் போய் என்னவென்று கேட்பான்? கொடுத்தாகிவிட்டதே, இன்னும் என்ன வேண்டும் என்பார்கள்.

8

மலர்க் குழுவுக்கு ஒரு வார்த்தை. இடம் போதவில்லை என்றால் என் போட்டோவை எடுத்துவிடுங்கள், பனி பற்றிய இரண்டு வரியையும் எடுத்துவிடுங்கள். மற்றதில் கை வைக்க வேண்டாம். சங்கத் தலைவர் மனம் நோகும் என்று யோசித்தால், போன வருஷம் அச்சான வரியைப் படித்தபோது யார் மனம் நொந்தது என்று ஒருவராவது விசாரித்தீர்களா?

சேதுராமன் சார், மலர் வெளியீட்டு விழாவில் நீங்கள்தான் தலைமை. என் அண்ணன் வருவார். தோளில் கை போட வேண்டாம், தனியே அழைத்து ஆகட்டும் என்று சொல்ல வேண்டாம், எனக்கு போனில் சமாதானம் சொல்லவும் வேண்டாம். நம்மோடு படித்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து மைக்கில் பேசுங்கள். அந்த நிலத்தை உங்கள் தகப்பனார் கொடுத்தார் என்றால், கொடுத்த நிலத்துக்கு உங்கள் பெயரில் இன்னும் வழக்கு ஏன் நடக்கிறது? கொடுக்கவில்லை என்றால், கொடுத்ததாக ஏன் எழுதினீர்கள்? வாபஸ் மனுவில் கையெழுத்துப் போடுவீர்களா, மாட்டீர்களா? போடுவேன் என்றால் எந்த நாள் என்று சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அதையும் அதே மைக்கில், அறிவழகனின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.